மணிக்கட்டில் வெட்டு, சுண்டுவிரலில் மரப்பு: கையின் நரம்பு அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கண்ணாடி உடைந்து தம்பியின் வலது மணிக்கட்டில், உள்பக்கம், சுண்டுவிரல் ஓரமாகக் கிழித்துவிட்டது. 6 தையல் போட்டிருக்கிறார்கள். இன்றோடு 10 நாள். விரல்களை மடக்கவும் நீட்டவும் முடிகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலில் ஒரு பாதியும் மட்டும் மரத்துக் கிடக்கின்றன. “விரல்தான் மடங்குதே, நரம்பெல்லாம் நல்லா இருக்கு, மரப்பு போகப் போகச் சரியாயிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காத்திருக்கலாமா, வீட்டிலேயே எதையாவது பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள்.

காத்திருக்க வேண்டாம். கூரான பொருள் வெட்டி, அதற்குக் கீழே ஒரு நரம்புக்குரிய இடம் அச்சு எடுத்ததுபோல் மரத்திருந்தால், அந்த நரம்பு அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அறவில்லை என்று சொல்ல வேண்டுமானால் காயத்தைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். விரல் மடங்குவதை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. ஏன் முடியாது என்பது புரிந்துவிட்டால், கையைச் சோதிக்கும் முறைகள் எல்லாம் தாமாகப் புரிந்துவிடும்.

குழப்பத்தில் பாதி நம் பேச்சிலேயே இருக்கிறது. ஊசி போடுகிறவர் “நரம்பு கிடைக்கல” என்றால் அது சிரை, அதாவது ரத்தக்குழாய். காலில் “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்றால் அதுவும் சிரை. கையை இறுக மூடும்போது மணிக்கட்டில் கயிறுபோல் புடைத்து நிற்பதை நரம்பு என்கிறோம். அது தசைநாண், தசை இழுப்பதை விரலுக்குக் கொண்டுபோகும் கயிறு. உணர்வையும் மூளையின் கட்டளையையும் சுமக்கும் உண்மையான நரம்பு தோலுக்கு மேல் தெரிவதே இல்லை. இந்த மூன்றும் மணிக்கட்டில் ஒரு விரற்கடை அகலத்துக்குள் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. அதனால் “நரம்பு நல்லா இருக்கு” என்றோ “நரம்பைத் தைச்சாச்சு” என்றோ யாராவது சொன்னால், “தசைநாணா, உணர்வு நரம்பா?” என்று திருப்பிக் கேளுங்கள். தம்பிக்குச் சொல்லப்பட்டது தசைநாணைப் பற்றியது.

விரல்களை மடக்குகிற பெரிய தசைகள் கையில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. அவற்றுக்கான நரம்புக் கிளைகள் முழங்கைக்குச் சற்றுக் கீழேயே பிரிந்து போய்விடுகின்றன. மணிக்கட்டில் நரம்பு அறுந்தாலும் அந்தக் கிளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. தசைநாண் முழுதாக இருந்தால் விரல் மடங்கத்தான் செய்யும். மணிக்கட்டுக்குக் கீழே போகும் நரம்பு ஆள்வது கைக்குள்ளேயே இருக்கும் சின்னத் தசைகளை: விரல்களை விரிப்பவை, சேர்ப்பவை, கட்டைவிரலைக் கிள்ள வைப்பவை. பொத்தான் போடுவது, சாவியைத் திருப்புவது, சோற்றைப் பிசைந்து கவளம் பிடிப்பது எல்லாம் இவற்றின் வேலை. “மடக்கு, நீட்டு” என்று மட்டும் சொல்லிப் பார்த்தால் இவை கண்ணுக்கே படாது.

கைக்கு வரும் முக்கிய நரம்புகள் மூன்று: மீடியன், அல்நார், ரேடியல். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு நரம்பு பங்கு கேட்காத ஒரு சிறு இடம் உண்டு. மீடியனுக்கு ஆள்காட்டிவிரலின் நுனி, உள்ளங்கைப் பக்கம். அல்நாருக்குச் சுண்டுவிரலின் நுனி. ரேடியலுக்குப் புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடைப்பட்ட குழிவு. அவசரத்தில் இந்த மூன்று இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலானவை தெரிந்துவிடும். பரப்பாகச் சொன்னால், கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதி ஆகியவற்றின் உள்பக்கம் மீடியன். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும், உள்ளும் புறமும், அல்நார். புறங்கையின் கட்டைவிரல் பக்கம் ரேடியல்.

உணர்வைச் சோதிக்கும்போது “உணர்ச்சி இருக்கா, இல்லையா?” என்று கேட்காதீர்கள். விரலை அழுத்தித் தொட்டால் அந்த அசைவு மேலே முன்னங்கை வரை போகும். “இருக்கு” என்று பதில் வரும், அது பொய்யான பதில். தம்பியைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். கையை மடித்த துண்டின் மேல் வையுங்கள், விரல்கள் அந்தரத்தில் ஆடக் கூடாது. ஒரு பஞ்சுத் திரியால், தோல் அமுங்காதபடி, முதலில் நல்ல கையின் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். “இது நூறு பைசா என்றால்” என்று சொல்லிவிட்டு அடிபட்ட கையில் அதே இடத்தைத் தொட்டு “இது எத்தனை பைசா?” என்று கேளுங்கள். முப்பது, பத்து, ஒன்றுமில்லை என்று வரும் பதில் ‘ஆம், இல்லை’யை விடப் பல மடங்கு உபயோகம். இடையிடையே தொடாமலேயே “இப்போ?” என்றும் கேளுங்கள். ஊகித்துச் சொல்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது இரு புள்ளிச் சோதனை. ஒரு காகித கிளிப்பைப் பிரித்து, இரண்டு முனைகளும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே மட்டத்தில் நிற்கும்படி வளையுங்கள். விரல் நுனியில், விரலின் நீளவாக்கில், ஒரு ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் இரு ஓரமும் தனித்தனி நரம்பு. குறுக்காக வைத்தால் ஒரு முனை ஒரு நரம்பிலும் மறுமுனை அடுத்ததிலும் பட்டுவிடும். தோல் லேசாக வெளுக்கும் அளவே அழுத்தம். சில சமயம் ஒரு முனை, சில சமயம் இரண்டு என்று மாற்றி மாற்றி 10 முறை தொட்டு, 7 முறை சரியாகச் சொன்னால் அந்த இடைவெளியில் தேறிவிட்டார். விரல் நுனியில் 6 மில்லிமீட்டருக்குள் இரண்டாகத் தெரிவது இயல்பு. 6 முதல் 10 வரை சுமார். அதற்கு மேல் மோசம். தவறு பெரும்பாலும் அழுத்தத்தில்தான் வரும். பலமாக அழுத்தினால் மரத்த விரல்கூட ‘இரண்டு’ என்று சொல்லும்.

பேச்சே தேவைப்படாத சோதனைகளும் இரண்டு உண்டு. குழந்தைகளுக்கும், மயக்கத்தில் இருப்பவர்களுக்கும், பயத்தில் சரியாகப் பதில் சொல்லாதவர்களுக்கும் இவைதான் கைகொடுக்கும். நரம்பு அறுந்த இடத்தில் வியர்வை நின்றுவிடும். வழவழப்பான பிளாஸ்டிக் பேனா ஒன்றின் உடல்பகுதியை விரலின் ஓரத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல விரலில் வியர்வையின் ஈரப்பசையால் பேனா சற்றுப் பிடித்துப் பிடித்து வரும். நரம்பு போன விரலில் தாளின் மேல் இழுத்ததுபோல் வழுக்கிக்கொண்டு ஓடும். உற்றுப் பார்த்தால் அந்த விரலின் ரேகைகளும் பளபளவென்று காய்ந்து தெரியும். இன்னொன்று தண்ணீர்ச் சோதனை. காயம் நன்றாக ஆறியபின், வெதுவெதுப்பான தண்ணீரில், ஏறக்குறைய 40 டிகிரி, இரண்டு கைகளையும் 30 நிமிடம் ஊற வையுங்கள். தண்ணீரில் ஊறிய விரல் நுனி சுருங்குவது நரம்பு செய்யும் வேலை. நரம்பு அறுந்த விரல் சுருங்காமல் மொழுமொழுவென்று இருக்கும். தண்ணீரின் சூட்டை நல்ல கையால் பார்த்துவிட்டே வையுங்கள். தையல் இருக்கும்வரை இதைச் செய்யக் கூடாது. தம்பிக்கு இப்போதைக்குப் பேனாச் சோதனை போதும்.

இனித் தசைகள். அல்நார் நரம்புக்கு வாரம் ஆகாத வெட்டில்கூடப் பொய் சொல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜூல் ஃபிரோமென்ட் 1915ல் சொன்னது. ஒரு தாளைத் தம்பியின் இரண்டு கைகளிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலின் பக்கவாட்டுக்கும் நடுவே, சாவி பிடிப்பதுபோல் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தாளை உங்கள் பக்கம் இழுங்கள். நல்ல கையில் கட்டைவிரல் நீட்டியபடியே தட்டையாக அழுத்தும். அல்நார் போன கையில் கட்டைவிரலின் நுனிக் கணு சட்டென்று மடங்கும். கட்டைவிரலை ஆள்காட்டிவிரலோடு சேர்த்து அழுத்தும் தசை அல்நாருக்கு உரியது. அது செத்திருக்கும்போது, மீடியன் நரம்பு ஆளும் நுனி மடக்கும் தசை உதவிக்கு வருகிறது. தாள் நழுவவில்லை என்பதால் “பலம் இருக்கு” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது தாளை அல்ல, கட்டைவிரல் கணுவை.

விரல்களை விரிக்கும் சோதனையிலும் இப்படி ஒரு ஏமாற்று உண்டு. கையை அந்தரத்தில் வைத்து “விரி” என்றால், விரல்களை நீட்டும் தசைநாண்களே அவற்றைக் கொஞ்சம் விரித்தும் விடும். அவை ரேடியல் நரம்புக்கு உரியவை. ஆகவே உள்ளங்கை மேசையில் படியும்படி கையைப் பரப்பி வைத்து, விரலைத் தூக்காமல் நடுவிரலை மட்டும் இடமும் வலமும் அசைக்கச் சொல்லுங்கள். அல்நார் போயிருந்தால் நடுவிரல் அப்படி ஆடாது. பிறகு ஆள்காட்டிவிரலைக் கட்டைவிரல் பக்கமாகத் தள்ளச் சொல்லி நீங்கள் எதிர்த்துத் தள்ளுங்கள். உங்கள் இன்னொரு கையால் புறங்கையில் அந்தக் குழிவைத் தொட்டுப் பாருங்கள். தசை வேலை செய்தால் அங்கே உருண்டு இறுகும். ஆள்காட்டிவிரலின் மேல் நடுவிரலைப் பின்ன முடிகிறதா என்பதும் இதே நரம்பின் கேள்வி. மேசையில் கை இருக்கும்போதே சுண்டுவிரலைக் கவனியுங்கள்: மோதிரவிரலோடு சேராமல் தனியே விலகி நிற்கும், சட்டைப் பையில் கை விடும்போது அது மட்டும் வெளியே மாட்டிக்கொள்ளும்.

10 நாளில் கை மெலிந்திருக்காது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பள்ளம் விழுவதும், மோதிரவிரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல் வளைவதும் வாரக்கணக்கில் மெல்ல வருபவை. அவை தெரிந்த பிறகுதான் நரம்புக் கோளாறு என்று ஒப்புக்கொள்வதென்றால், தைக்க நல்ல நேரம் அதற்குள் போய்விடும்.

மீடியன் நரம்புக்குச் சோதனை: உள்ளங்கை மேலே பார்க்கும்படி புறங்கையை மேசையில் வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராக உயர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் அதைக் கீழே தள்ள முயலுங்கள். கட்டைவிரல் மேட்டின் வெளி விளிம்பில் தசை இறுகுவதை விரலால் தொட்டே உறுதி செய்யுங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்வது எல்லோரும் செய்வது, ஆனால் அது நம்பகமானதல்ல. மீடியன் போன கையிலும் மற்றத் தசைகள் கட்டைவிரலை உள்ளங்கை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்ச் சுண்டுவிரலைத் தொட வைத்துவிடும். மீடியனின் உட்கிளை ஒன்று முன்னங்கையில் தனியாகப் பாதிக்கப்படுவதுண்டு. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து வட்டமான ‘ஓ’ போட முடியாது. இரண்டின் நுனியும் தட்டையாகப் படிந்து கண்ணீர்த்துளி வடிவம் வரும். அதில் மரப்பே இருக்காது.

ரேடியல் போனால் மணிக்கட்டு தொங்கும், மறைக்க முடியாது. ஆனாலும் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. தொங்கும் மணிக்கட்டை நீங்கள் தாங்கிப் பிடித்தால் விரல்களின் நடு, நுனிக் கணுக்கள் நீளும், ஏனென்றால் அதைச் செய்வது அல்நாருக்குரிய சின்னத் தசைகள். ஆகவே பார்க்க வேண்டியது விரல் உள்ளங்கையோடு சேரும் அடிக்கணு நீள்கிறதா என்பதை. இரண்டாவது, மணிக்கட்டு தொங்கினால் பிடியும் தளரும், விரல் விரிப்பதும் தளரும். அதைப் பார்த்து மூன்று நரம்பும் போய்விட்டதாக எண்ணக் கூடாது. மணிக்கட்டை நிமிர்த்தித் தாங்கிக்கொண்டு மறுபடி சோதியுங்கள். மணிக்கட்டு நிமிர்கிறது, ஆனால் கட்டைவிரல் பக்கம் சாய்ந்து நிமிர்கிறது, விரல்களின் அடிக்கணு மட்டும் நீளவில்லை, மரப்பும் இல்லை என்றால் பாதிப்பு முழங்கைக்குக் கீழே, ரேடியலின் ஆழ்கிளையில்.

இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு இன்னொரு நுட்பம். அல்நாரின் புறங்கைக் கிளை மணிக்கட்டுக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடுகிறது. மணிக்கட்டு மடிப்பில் வெட்டு என்றால் சுண்டுவிரலின் உள்பக்கம் மரத்திருக்கும், புறங்கையின் அந்தப் பக்கம் நன்றாக இருக்கும். புறங்கையும் மரத்திருந்தால் கோளாறு மேலே, பெரும்பாலும் முழங்கையில். தம்பிக்கு இதையும் பாருங்கள். வெட்டின் இடத்தோடு மரப்பு ஒத்துப்போனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. விரலிலேயே வெட்டு விழுந்தவர்களுக்கு ஒன்று: விரலின் உள்பக்கத்தில் நரம்பு ரத்தக்குழாய்க்கு முன்னால், தோலுக்கு அருகில் ஓடுகிறது. அங்கே ரத்தம் பீச்சியடித்திருந்தால் கத்தி நரம்பைத் தாண்டித்தான் குழாயைத் தொட்டிருக்கும். அப்போது துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிப்பதே சரி. ரத்தத்துக்குள் குத்துமதிப்பாக இடுக்கி போட்டால் அறாத நரம்பும் நசுங்கும்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் மரப்பூசி போடுவதற்கு முன்பு செய்ய வேண்டும். மருந்து ஏறிய பிறகு உணர்வைச் சோதித்துப் பலனில்லை. மறுநாள் “மருந்தோட மரப்புதான் இன்னும் இருக்கு” என்று சொல்லிச் சமாளிக்கவும் அது இடம் கொடுத்துவிடும். மரப்பூசியில் போடும் லிக்னோகெயின் மருந்தின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். 10 நாள் நிற்காது.

நரம்புக்குள் என்ன நடக்கிறது என்று இப்போது சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943ல் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். நரம்பைப் பல இழை கொண்ட மின்கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தால் உறை மட்டும் நைந்து, இழை அறாமல் மின்னோட்டம் நின்றிருப்பது முதல் வகை. நாற்காலி முதுகில் கையைத் தொங்கவிட்டு அசந்து தூங்கி எழுந்தவருக்கு மணிக்கட்டு தொங்குவது இது. நாட்களில் அல்லது சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள், முழுதாகத் திரும்பிவிடும். உள்ளே இழை அறுந்து, வெளிக்குழாய் முழுதாக இருப்பது இரண்டாம் வகை. எலும்பு முறிவிலும் பலத்த இழுப்பிலும் வருவது. இழை அந்தக் குழாய்க்குள்ளேயே மறுபடி வளர்ந்து போகும், காலம் எடுக்கும். குழாயோடு சேர்ந்து முழுவதும் அறுவது மூன்றாம் வகை. முனைகள் சுருங்கி விலகிவிடுகின்றன, வளரும் இழைக்குப் போக வழி தெரியாது. அந்த இடத்திலேயே சுருண்டு தொட்டால் ஷாக் அடிக்கும் முடிச்சாகிவிடும். தைக்காமல் இது சேராது. கண்ணாடியும் கத்தியும் செய்வது பெரும்பாலும் இந்த மூன்றாவதை. ‘போகப் போகச் சரியாகும்’ என்பது முதல் இரண்டுக்குப் பொருந்துகிற பேச்சு.

மேல்கை எலும்பு நடுவில் முறிந்து, தோல் கிழியாமல், மணிக்கட்டு தொங்கினால் காத்திருப்பது சரியான வைத்தியம். அந்த ரேடியல் நரம்பு பெரும்பாலும் தானே திரும்பிவிடும். அதே காத்திருப்பு கண்ணாடி வெட்டுக்குத் தவறான வைத்தியம். காயம் எப்படி விழுந்தது என்பதே பாதி நோயறிதல்.

இழை வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு ஓர் அங்குலம். தைத்த இடத்தைத் தாண்ட முதலில் சுமார் ஒரு மாதம். மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டிவிரல் ஓரத் தசைக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் என்றால் 100 நாள், அதோடு அந்த ஒரு மாதம்: நாலரை மாதம். சுண்டுவிரல் நுனிக்கு இன்னும் இரண்டு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். முழங்கையில் அறுந்திருந்தால் ஒரு வருடம் தாண்டும். அக்குள் அருகே என்றால் இரண்டு வருடம். நரம்பில்லாத தசை காத்துக்கொண்டே இருக்காது. 12 முதல் 18 மாதத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் நாராக மாறிவிடும், அப்புறம் நரம்பு வந்தும் பயனில்லை. உணர்வுக்கு இவ்வளவு கெடு இல்லை, தாமதமாகத் தைத்தாலும் ஓரளவு பாதுகாப்பான உணர்வு திரும்ப வாய்ப்பு உண்டு. தம்பியின் வெட்டு மணிக்கட்டில் இருப்பது அந்த வகையில் சாதகம். காத்திருந்து அதை வீணாக்க வேண்டாம் என்பதே நான் அழுத்திச் சொல்வது.

“நரம்பு மின்சோதனை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்” என்று சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி உடனே சாவதில்லை. முதல் சில நாட்களுக்கு அதை மின்சாரத்தால் தூண்டினால் தசை துடிக்கத்தான் செய்யும். இயக்க இழைகள் அடங்க ஒரு வாரம், உணர்வு இழைகள் அடங்க 10, 11 நாள் ஆகும். தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் சோதனையில் மாற்றம் தெரிய 2 முதல் 3 வாரம். அதனால்தான் 3, 4 வாரத்துக்குப் பிறகு எடுக்கச் சொல்வார்கள். மூடிய காயத்துக்கு அது சரி. திறந்த வெட்டுக்காயத்துக்கு, கைச் சோதனையே மரப்பையும் தசை இழப்பையும் காட்டிவிட்டபோது, மின்சோதனைக்காக ஒரு நாளும் தள்ளிப்போடத் தேவையில்லை.

தைப்பதற்குச் சிறந்த நேரம் முதல் சில நாட்கள். இரண்டு, மூன்று வாரம் வரை பெரும்பாலும் முனைகளை நேருக்கு நேர் சேர்த்துத் தைக்க முடிகிறது. அதற்கு மேல் முனைகள் விலகித் தழும்பாகிவிட்டால், காலிலிருந்து ஒரு உணர்வு நரம்பை எடுத்து நடுவில் ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அந்தக் காலின் வெளி ஓரப் பாதம் கொஞ்சம் மரக்கும், கையில் கிடைக்கும் பலனும் குறையும். நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால், இழுவிசை இல்லாமல் தைக்கும் வேலை இது. கை அறுவை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. போகும்போது எந்த நாள், எந்தப் பொருள், எத்தனை பைசா உணர்வு, தாள் சோதனையில் கணு மடங்கியதா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பின்னால் வளர்ச்சியைக் கணக்கிட முதல் அளவு அதுதான்.

தைத்தபின் சுமார் மூன்று வாரம் மணிக்கட்டை அசையாமல் கட்டி வைப்பார்கள். பிறகு மாதம் ஒருமுறை டினல் தட்டல்: விரல் பக்கமிருந்து தொடங்கி, நரம்பின் வழியே மேலே மணிக்கட்டை நோக்கி விரல் நுனியால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் சுண்டுவிரலுக்குள் சுர்ரென்று ஓடுகிறதோ அதுவரை இழை வளர்ந்திருக்கிறது. தையல் தழும்பிலிருந்து அதன் தூரத்தை அளந்து எழுதுங்கள். மாதா மாதம் 2, 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் நல்ல செய்தி. மூன்று மாதமாகத் தழும்பிலேயே நின்றால் மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும்.

வெட்டே இல்லாமல் மரப்போடு வருகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மதமதத்து, எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் அது பெரும்பாலும் மணிக்கட்டுக் குகைப்பாதையில், அதாவது மணிக்கட்டின் உள்பக்க நடுவில் தசைநாண்களும் மீடியனும் சேர்ந்து போகும் குறுகிய வழியில், மீடியன் நசுங்குவது. சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் இவற்றோடு அதிகம் வரும். மணிக்கட்டை முழுதாக மடக்கி 60 விநாடி வைத்துப் பாருங்கள், அல்லது குகைப்பாதையின் மேல் கட்டைவிரலால் 30 விநாடி அழுத்துங்கள். மதமதப்பு வந்தால் பொருந்துகிறது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஆறு வாரம் போட்டால் ஆரம்ப நிலையில் பலருக்குக் குறையும். கட்டைவிரல் மேடு தட்டையாகிவிட்டால் பட்டையோடு நிறுத்தக் கூடாது. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையா கழுத்தா என்ற சந்தேகம் வரும். மோதிரவிரலைப் பாருங்கள்: நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு பாதி மரத்து மறுபாதி நன்றாக இருந்தால் அல்நார் நரம்பு, விரல் முழுவதும் மரத்து, முன்னங்கையின் உள் ஓரமும் மரத்திருந்தால், அதோடு மீடியனுக்குரிய கட்டைவிரல் உயர்த்தலும் தளர்ந்திருந்தால், கழுத்தில் நரம்பு கிளம்பும் வேரைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கை மரப்பைச் சோதிக்கிறவர் தொழுநோயை மறந்துவிடக் கூடாது. முழங்கையின் உள்பக்க எலும்பு முட்டுக்குப் பின்னும் அதற்குச் சற்று மேலும் விரல்களை உருட்டி அல்நார் நரம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள், முகத்தையும் பார்த்துக்கொண்டே தொடுங்கள், வலித்தால் முகம் சொல்லிவிடும். ஒரு பக்கம் கயிறாகத் தடித்திருந்தால் உடம்பில் வெளிறிய, உணர்வற்ற தேமல் இருக்கிறதா என்று தேடுங்கள். கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். நரம்பு பாதித்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் உணர்வும் பலமும் திரும்பும் வாய்ப்பு அதிகம். கொல்லிமலையில் பிறந்து 1946ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் கண்டது, தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டுப் பட்டு அழிகிறது என்பதை. முன்னங்கையில் பிழைத்திருக்கும் தசையின் நாணை வழிமாற்றிக் கொக்கி விரல்களை நிமிர்த்தும் அறுவையையும் அங்கே வளர்த்தார். நரம்பு தைத்தும் தசை திரும்பாதவர்களுக்கு, எந்தக் காரணத்தால் போயிருந்தாலும், இந்த நாண் மாற்று அறுவைதான் பின்னாளில் கிடைக்கும் வழி. அதற்கு விரல் கணுக்கள் விறைக்காமல் இருக்க வேண்டும்.

ஆகவே உணர்வு வரும்வரை தம்பிக்கு இரண்டு வேலை. கட்டுப் பிரித்து, மருத்துவர் அனுமதித்ததும் நல்ல கையால் மரத்த விரல்களை ஒவ்வொரு கணுவாக முழுதும் நீட்டி மடக்க வேண்டும், ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு நாலைந்து வேளை. வியர்வை இல்லாத தோல் வெடிக்கும். காயம் ஆறியபின் தினமும் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, துடைக்காமல் ஈரத்தோடே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். டீ டம்ளரை இடது கையால் எடுக்கட்டும். மேசை ஓரத்திலும் பைக் சைலென்சர் அருகிலும் சுண்டுவிரல் எங்கே படுகிறது என்று கண்ணால் பார்க்கட்டும். இரவு படுக்கும் முன் வெளிச்சத்தில் அந்த ஒன்றரை விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொப்புளமோ சிவப்போ இருந்தால் அன்றைக்கே மருந்து போடட்டும்.